ஏழாம் நம்பர் மூட்டை

ஞாயிறு, மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்களோடு உன் தங்கை எழுதுவது. அம்மா நலம், நானும் நலம். உன் தொண்டையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதை நம்பித்தானே அந்த ஊர் ரயில்கள் எல்லாம் ஓடுகின்றன.

காலையில் நீ ஃபோனில், "பள்ளிக்கூடத்தை விட்டே ஓடினவ நீ. ஃபோனை விட்டு ஓடறதா உனக்குக் கஷ்டம்?" என்று கேட்டாய். நான் ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கோபம் இல்லை அக்கா. பதில் இருந்தது. தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. அங்கே யாரோ வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி நின்றுவிட்டது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன நாட்களிலும் இப்படித்தான். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அப்புறம் போகவில்லை. உனக்குத் தெரிந்ததுதான்.

பேனா என் வாயைப் பார்ப்பதில்லை. அதனால் ஒரு ஏற்பாடு. ஃபோன் அம்மாவுக்கு இருக்கட்டும். நாம் இரண்டு பேரும் எழுதிக்கொள்வோம்.

லாண்டரியில் ஒரு சேதி. எங்கள் இஸ்திரி அத்தை இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போகிறார். நேற்று முதலாளியம்மா எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, "அத்தைக்கு ஒரு விருந்து. எல்லாரும் போறோம், செலவு என்னோடது. எங்கே போகலாம், அத்தையே சொல்லட்டும்" என்றார்.

அத்தை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இத்தாலி ஹோட்டலுக்கு."

"அது ஏன் அத்தை?" என்று மெஷின் அண்ணி கேட்டார். அவர்தான் பெரிய சலவை மெஷினை ஓட்டுகிறவர்.

"இருபது வருஷமா அந்தக் கடைத் துணியில வர்ற தக்காளிக் குழம்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். எதிராளி மூஞ்சியை ஒரு தடவையாவது நேர்ல பாக்க வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்காமல், "ஆனா ஒண்ணு. கலகலன்னு இருக்கணும். எழவு வீடு மாதிரி எல்லாரும் கிசுகிசுன்னு பேசற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார்.

எந்த ஹோட்டல் என்று யார் முடிவு செய்வது? "பூச்சி சொல்லட்டும். எல்லாக் கடைத் துணியையும் முதல்ல பிரிச்சுப் பாக்கிறது அவதானே" என்றார் மெஷின் அண்ணி. பூச்சி என்பது நான். வாயில்லாப் பூச்சி என்று ஆரம்பித்தார்கள். வேலை அவசரத்தில் பாதி உதிர்ந்துவிட்டது.

பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் "ம்" என்றேன். முடியாது என்று சொல்லத்தான் அந்த 'ம்'மை எடுத்தேன். அவர்கள் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் என்ன செய்ய?

உன் தங்கை


வியாழன், மார்ச் 6

அடி சின்னவளே,

உன் கடிதத்தைக் கண்டதும் அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, நின்ற இடத்திலேயே பிரித்தேன். இந்தக் காலத்தில் யாரடி கடிதம் போடுகிறார்கள்? பிரித்தால் இரண்டு பக்கம்! பதினேழு வருடத்தில் நீ என்னிடம் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இரண்டு பக்கம் தேறாது.

ஃபோனில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், ஒலிபெருக்கி வைத்துத் தெரிவிக்கிறார்கள். ஆனால் நீ எழுதின ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோன் அம்மாவுக்காமே? வாரம் பூராவும் முகம் தெரியாத ஆட்களுக்கு ரயில் வரும் நேரம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது என் வீட்டு மனுஷி ஒருத்தி குரலைக் கேட்கலாம் என்று கூப்பிட்டால் மூச்சுச் சத்தம் வருகிறது, பிறகு அம்மா வருகிறார். சரி, இப்போதைக்கு எழுதுகிறேன். ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே.

இத்தாலி ஹோட்டல் விஷயத்தில் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள். இங்கே வேலை செய்கிறவர்களோடு ஒரு தடவை போனேன். மேசைக்கு ஒரு மெழுகுவத்தி, மற்றபடி கும்மிருட்டு. எது சாப்பாடு, எது அலங்காரம் என்று தெரியாமல் பூச்செடியில் ஒரு இலையைத் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார். உங்கள் லாண்டரி வேன் ஓட்டுகிற அண்ணனை ஃபோனில் தேடிப் பார்க்கச் சொல். ஜனங்கள் நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

அம்மாவிடம் மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல். சொல்ல வராவிட்டால் மாத்திரையை எடுத்துக் கையில் கொடு.

உன் வாய் நீளமான அக்கா


ஞாயிறு, மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையைக் கையில் கொடுத்தேன். "உங்க அக்கா சொன்னாளா?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

வேன் அண்ணன் ஃபோனில் தேடினார். எல்லா ஹோட்டலுக்கும் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. "அஞ்சு நட்சத்திரம் போட்டவன் கடைக்காரனுக்கு மச்சானா இருப்பான்" என்று அத்தை ஒதுக்கிவிட்டார்.

ராத்திரி படுக்கும்போது தோன்றியது. எனக்கு எதற்கு நட்சத்திரம்? நான்தான் தினமும் துணியைப் பார்க்கிறேனே.

எங்கள் லாண்டரிக்கு ஹோட்டல் துணிகள் மூட்டை மூட்டையாக வரும். மூட்டையில் பெயர் இருக்காது, நம்பர்தான். நான் பிரிக்கிற மேசையில் நின்று மேசைத்துணியைத் தனியாக, கைத்துணியைத் தனியாக, கறை அதிகமானதைத் தனியாகப் போடுவேன். அதில் நான்கு மூட்டைகள் இத்தாலி ஹோட்டல்களுடையவை.

இரண்டாம் நம்பர் மூட்டையில் கறையே இருக்காது. துணி மடிப்புக்கூடக் கலையாமல் வரும். அங்கே யாரும் முழங்கையை மேசைமேல் வைப்பதில்லை. அத்தை சொன்ன எழவு வீடு அதுதான். ஐந்தாம் நம்பர் கைத்துணிகளில் கண்மை கரைந்திருக்கும், வாரத்துக்கு நான்கைந்தாவது. அங்கே ஜோடி ஜோடியாகப் போய்ச் சண்டை போடுகிறார்கள் போல. ஒன்பதாம் நம்பரில் காப்பி வட்டம் மட்டும், எல்லாம் ஒருவர் உட்காரும் இடத்தில். தனியாக வந்து கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து வேலை பார்க்கிறவர்கள்.

ஏழாம் நம்பர் மூட்டையைப் பிரித்தால்தான் அக்கா, ஒரு கல்யாண வீடு உள்ளேயிருந்து விழுகிற மாதிரி இருக்கும். தக்காளிக் குழம்பு மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தெறித்திருக்கும். சிரித்துக்கொண்டே சாப்பிட்டால்தான் அவ்வளவு தூரம் போகும். குழந்தைகள் கை வைத்த அச்சு, கிரேயானில் வரைந்த குதிரை, உருகின ஐஸ்கிரீம். போன வாரம் ஒரு கைத்துணியின் மூலையில் சின்ன முடிச்சு. அவிழ்த்தால் ஒரு பால் பல்! நான் அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஏழாம் நம்பர் துணியில் பெரிய கறைகளைச் சுற்றி யாரோ கிரேயானால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு பெயரும் எழுதியிருப்பார்கள். கிரேயான் மெழுகு மெஷினில் போகாது. மேலே பழுப்புத் தாளை விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மெழுகு உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். அது அத்தை வேலை. மெஷின் அண்ணி, "எந்தப் படுபாவி கறைக்கு வட்டம் போடறான்?" என்று திட்டுவார். அத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். "கறை எங்கே இருக்குன்னு நமக்குக் காட்டறாங்கடி. கையெழுத்துகூடப் போட்டிருக்கான் பாரு, பொறுப்பானவன்" என்பார். ஊரில் இத்தனை ஹோட்டல் இருந்தும் துவைக்கிறவர்களை நினைத்துப் பார்க்கிற ஒரே இடம் ஏழாம் நம்பர்தான் என்பது அவர் கட்சி.

அதனால் நான் ஒரு காகிதத்தில் '7' என்று எழுதி இஸ்திரி மேசையில் வைத்தேன். அத்தை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

ஆனால் மாட்டிக்கொண்டேன். வேன் அண்ணன் சொல்கிறார், அது சின்ன இடமாம். சனிக்கிழமையில் பெரிய கூட்டத்தை எடுக்க மாட்டார்களாம். ஃபோனில் கேட்டால் முடியாது என்று வைத்துவிடுவார்களாம். நேரில் போய்க் கேட்க வேண்டும். "தேர்ந்தெடுத்தவளே போய்க் கேக்கட்டும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

அக்கா, நான் போய் அங்கே 'ம்' என்று நின்றால் அத்தைக்கு விருந்து கிடையாது. முன்பின் தெரியாதவர்களிடம் நீ எப்படிப் பேசுகிறாய்? எழுது, சீக்கிரம்.

உன் தங்கை


வியாழன், மார்ச் 13

பூச்சி அம்மாளுக்கு,

(நன்றாக இருக்கிறது இந்தப் பெயர். எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை?)

கறையைப் பார்த்து ஹோட்டல் பிடிக்கிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே டிக்கெட் கவுன்டரில் இருப்பவளிடம் படித்துக் காட்டினேன். அவள் உடனே தன் மேசைத்துணியை எடுத்து ஒளித்துவைத்தாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மட்டும் பயம் இல்லை என்று யார் சொன்னது? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மைக்கைப் போட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிறது, ஒரு பெண் எச்சில் விழுங்கும் சத்தம். அன்றைக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அறிவிப்புக்கு முன்னால் 'டிங் டாங்' என்று மணி அடிக்கிறதே, அது பயணிகளுக்காக என்று நினைத்திருந்தேன். எனக்காகவும்தான். மணி அடித்துவிட்டால் பிறகு திரும்பிப் போக முடியாது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லுவது என்ன, ஒரே மாதிரியான வரிதான். யோசிக்க வேண்டியதே இல்லை.

உனக்கு மணி கிடையாது. அதனால் எதையாவது இரண்டு தட்டுத் தட்டு. மேசையோ கதவோ, உன் நெற்றியோ. தட்டின கையோடு முதல் வரியைச் சொல்லிவிடு. மனப்பாடம் செய்துகொண்டு போ.

போகும்போது அந்தப் பல்லையும் எடுத்துக்கொண்டு போடி. பிறத்தியார் பல்லைத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லை?

அக்கா


திங்கள், மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன்! முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடம் கிடைத்துவிட்டது. இனி நீ நிம்மதியாகப் படிக்கலாம்.

மத்தியானம் போனேன். கடை திறக்கவில்லை, கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே ஒரு பெரிய மனிதர், முழங்கை வரை மாவு, கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி, அவர்தான் சமையல்காரரும்.

"கடை இன்னும் திறக்கலையே பாப்பா."

நான் பக்கத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் நிமிர்ந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த வரி எங்கேயோ போய்விட்டது. வாயில் என்ன வந்தது தெரியுமா?

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மாவுக்கட்டை நின்றுவிட்டது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் மணி அடித்துவிட்டதே. நிறுத்த முடியவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் பதினோரு பேர் வர்றாங்க. இடம் வேணும்."

அவர் சிரிக்காமல், "எத்தனாவது பிளாட்பாரம்?" என்று கேட்டார்.

"ஏழு."

"ஏழா? எங்கிட்ட இருக்கிறதே ஆறு மேசைதான்."

"எங்க லாண்டரில உங்க மூட்டை ஏழு" என்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் சிரித்தார் பார், தொங்கிக்கொண்டிருந்த கரண்டிகள் எல்லாம் ஆடின. ஆனால் சிரித்து முடித்துவிட்டு, சனிக்கிழமை எட்டுப் பேருக்குமேல் ஒரே கூட்டமாக எடுப்பதில்லை, வருத்தமாக இருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மேற்கொண்டு பேச எனக்கு வரி கிடையாது. தீப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

திறந்தார். பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏய், உன் பல்லு வந்துடுச்சு!" என்று ஒரு கத்து கத்தினார். முன்பல் இல்லாத ஒரு குட்டிப் பெண் ஓடி வந்தாள். அவர் மகள். விழுந்த பல்லைக் கைத்துணியில் முடிந்து வைத்துவிட்டு மறந்துபோய், இரண்டு நாள் அழுதாளாம். "குப்பைத்தொட்டியைக்கூடக் கொட்டித் தேடினோம்" என்றார். அப்புறம் பென்சிலை எடுத்து, மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டால் பதினோரு பேர் உட்காரலாம் என்று அவரே கணக்குப் போட்டார்.

இனிமேல்தான் கெட்ட சேதி. மேசைக்கு மேசை ஒரு டம்ளரில் கிரேயான் வைத்திருந்தார்கள். அதைக் காட்டினேன். வட்டம் எதற்கு என்று அவரே சொன்னார். கறையைக் காட்டுவதற்காக இல்லை அக்கா. அது ஒரு விளையாட்டு! யார் மேசையில் சிந்துகிறார்களோ அந்தக் கறையைச் சுற்றி வட்டம் போட்டு அவர்கள் பெயரை எழுதுவார்கள். சாப்பாட்டின் முடிவில் யாருடைய வட்டம் பெரியதோ, அவர் எழுந்து நின்று ஹோட்டல் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி ஏதாவது பேச வேண்டும், இல்லை பாட வேண்டும். "இங்க வர்றவங்க அதுக்காகத்தான் வர்றாங்க" என்றார்.

ஊரில் அத்தனை இடம் இருக்க, எழுந்து நின்று பேச வைக்கிற இடத்தையா நான் பார்த்துப் பொறுக்கினேன்? சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

அத்தையிடம் வட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "அந்தப் பொறுப்பான ஆளைப் பாத்தியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். சனிக்கிழமை நான் வெறும் ரொட்டிதான் சாப்பிடப் போகிறேன்.

நீ வந்தால் எனக்குப் பதிலாகப் பேசுவாய். வருகிறாயா?

உன் தங்கை


வியாழன், மார்ச் 20

சின்னவளே,

வர முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வேலை. கெஞ்சிப் பார்த்தேன், மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

வந்தாலும் உனக்குப் பதிலாகப் பேச மாட்டேன். அப்படிப் பேசுவது என் வழக்கம் என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து யார் உன்னை எதைக் கேட்டாலும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அதனால்தான் உன் கதவு துருப்பிடித்ததோ என்னவோ.

ரொட்டி சாப்பிடு. சிந்தாதே. தப்பித்துக்கொள். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எனக்கு எழுத வேண்டும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று இப்போதெல்லாம் என்னால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. வேலை போனால் நீதான் பொறுப்பு.

அக்கா


ஞாயிறு, மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே தூக்கம்தான். நேற்று நடந்ததைக் கேள்.

எல்லோரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். அத்தை உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், மேசைத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "நம்மது" என்றது. தன் வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தார்.

சாப்பாடு வந்தது. அங்கேதான் தப்பு நடந்தது. அக்கா, பதினோரு சலவைக்காரர்களை வெள்ளைத் துணிமுன் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒருவரும் சிந்தவில்லை! முதலாளியம்மா கழுத்தில் ஒன்று, மடியில் ஒன்று என்று கைத்துணி கட்டிக்கொண்டார். மெஷின் அண்ணி அந்த நீள நீள பாஸ்தாவை மருந்து மாதிரி துண்டு துண்டாக வெட்டினார். வேன் அண்ணன் ஒவ்வொரு வாய்க்கும் தட்டைத் தாடை வரை தூக்கினார். யாரும் பேசவில்லை, பேசினால் தெறிக்குமே. சுற்றியுள்ள மேசைகளில் ஒரே சிரிப்பும் கூத்தும். எங்கள் மேசை மட்டும் பரீட்சை ஹால்.

முதலாளி பதறிப்போய் வந்தார். "சாப்பாடு பிடிக்கலையா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் மெஷின் அண்ணி, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"கடை திறந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு வெள்ளைத் துணியை நான் பாத்ததில்லை" என்றார் அவர். பக்கத்து மேசையில் யாரோ சிந்திவிட்டார்கள் போல, ஓவென்று சத்தம் போட்டு வட்டம் போட்டார்கள். அத்தை அதைப் பார்த்தார். என்ன அது என்று கேட்டார். முதலாளி விளையாட்டைச் சொல்லிவிட்டார்.

அத்தை கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அப்போ அது எங்களுக்குக் காட்டறதுக்கு இல்லையா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல" என்று அத்தை குனிந்துகொண்டார். கொஞ்சம் கழித்து, அந்தச் சிரிக்கிற மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "நீ சொன்னது சரிதான் பூச்சி. கலகலன்னுதான் இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் தட்டில் ரொட்டி. நடுவில் ஒரு கிண்ணம் நிறையத் தக்காளிக் குழம்பு. என் கை தானாகப் போகவில்லை அக்கா, நான்தான் அனுப்பினேன். பெரிய கரண்டி முழுக்க அள்ளி, நன்றாக உயரத் தூக்கி, வெள்ளைத் துணியின் நட்டநடுவில் விட்டேன்.

பொத்தென்று விழுந்தது. வேன் அண்ணன் மூக்குவரை தெறித்தது.

"அடிப்பாவி!" என்று மெஷின் அண்ணி எழுந்தேவிட்டார். "உப்பு! யாராவது உப்புப் போடுங்க, காயறதுக்குள்ள!"

"உக்காருடி" என்றார் அத்தை. அவர் என்னைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். தெரியாமல் சிந்திய கறைக்கும் வேண்டுமென்று சிந்திய கறைக்கும் வித்தியாசம் அவருக்கா தெரியாது? டம்ளரிலிருந்து பச்சைக் கிரேயானை எடுத்தார். "இருபது வருஷமா வட்டத்தை அழிச்ச கை. இன்னிக்கு ஒண்ணு போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லி, என் கறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'பூச்சி' என்று எழுதினார்.

ஹோட்டல் முழுக்கக் கைதட்டியது. நான் எழுந்தேன். மேசையைப் பிடித்தேன், மேசை ஆடியது. எத்தனை முகம்! எல்லாம் என் வாயைத்தான் பார்த்தன. இரண்டு தட்டுத் தட்டினேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இருபது வருஷமா எங்க இஸ்திரி மேசையில நின்னுக்கிட்டிருந்த அத்தை, இந்த மாசக் கடைசியில மகன் வீட்டுக்குப் புறப்படறாங்க. வண்டி குறிச்ச நேரத்துக்குக் கிளம்பும். ஒருவேளை தாமதமாச்சுன்னா, அதுக்காக நாங்க யாரும் வருத்தப்பட மாட்டோம்."

அவ்வளவுதான். அதற்குமேல் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை மூக்கை உறிஞ்சினார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வண்டி லேட்டுன்னு சொல்லிடு பூச்சி" என்றார்.

பிறகு ஆரம்பித்தது பார் கூத்து! மெஷின் அண்ணி தன் தட்டை வேண்டுமென்றே சாய்த்தார். முதலாளியம்மா கழுத்துத் துணியை அவிழ்த்து எறிந்தார். "திங்கட்கிழமை இது நம்மகிட்டதான் வரும், ஞாபகம் இருக்கட்டும்!" என்று அத்தை கத்த, "வரட்டும் அத்தை!" என்று எல்லோரும் கத்த, வட்டம் போட இடமில்லாமல் வட்டத்துக்குள் வட்டம் போட்டார்கள். அத்தை இரண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டு, "எதிராளி நல்லவன்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசியில் ஒரு கூத்து. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும், எங்கள் கைகள் சும்மா இருக்குமா? யார் ஆரம்பித்தார்கள் என்றே தெரியவில்லை. நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தோம், உதறினோம், மடித்தோம், கைத்துணிகளை உள்ளே வைத்து மூட்டை கட்டினோம். வேன் அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேனிலேயே போட்டுவிட்டார். முதலாளி பதினோரு ஐஸ்கிரீமைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். வெறும் பலகையைப் பார்த்து நின்றார்.

"மேசை எங்கே?"

ஐஸ்கிரீமை மரப்பலகையில் வைத்தே சாப்பிட்டோம். துடைத்துவிட்டுத்தான் வந்தோம்.

உன் தங்கை பூச்சி


வியாழன், மார்ச் 27

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அறிவிப்பு அறையில் உட்கார்ந்து படித்தேன். மைக்கை அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். "மேசை எங்கே?" வந்த இடத்தில் நான் சிரித்தது எல்லாப் பிளாட்பாரத்துக்கும் கேட்டிருக்கிறது. மேலதிகாரி ஓடி வந்தார். அவர் வந்தபோது நான் அழுதுகொண்டு இருந்தேன். "ஏம்மா, யாராவது...?" என்று இழுத்தார். "என் தங்கச்சி பேசிட்டா சார்" என்றேன். "குழந்தைக்கு என்ன வயசு?" என்கிறார். நான் திருத்தவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவள் என்று சொன்னேன் அல்லவா, அந்த வார்த்தையை என்னிடமே திருப்பி அனுப்பிவிடு. இனி அது உன் வீட்டில் இருக்க வேண்டாம்.

ஆனால் எனக்கு ஒரு வழக்கு உண்டு. முன்பின் தெரியாத ஒரு ஹோட்டலே உன் குரலைக் கேட்டிருக்கிறது. நான் மட்டும் எழுத்தில் படித்துக்கொண்டு கிடக்கிறேன். இது என்ன நியாயம்?

ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். அம்மாவிடம் கொடுக்காதே.

அக்கா


ஞாயிறு, மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்போது கூப்பிடுவாய் என்று தெரியாததால், அதுவரை கை சும்மா இருக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். ஃபோன் எனக்கு முன்னால் மேசைமேல் இருக்கிறது. அம்மா ஒரு தடவை வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

நேற்று அத்தை புறப்பட்டுப் போனார். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தக்காளிக் கறைகள் எல்லாம் மெஷினில் போய்விட்டன, மெஷின் அண்ணி மூன்று தடவை ஓட்டினார், முணுமுணுக்கவே இல்லை. கிரேயான் வட்டங்கள் அத்தை கைக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் பழுப்புத் தாள் வைத்துத் தேய்த்து எடுத்தார். என் வட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். தாளை மெதுவாகத் தூக்கினார். துணி பளிச்சென்று வெள்ளை. தாளில் பச்சை வட்டம், பக்கத்தில் 'பூச்சி', இடம் வலம் மாறி. மற்ற தாள்களைக் கசக்கி எறிந்தவர் அதை மட்டும் நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அது எனக்கு வேணும் அத்தை" என்றேன். வாயால்தான் சொன்னேன், அக்கா. சுற்றி யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"உனக்குத்தான் வாய் கிடைச்சுடுச்சே. இது எனக்கு" என்றார். கொடுக்கவே இல்லை.

ஏழாம் நம்பர் முதலாளி அடுத்த மூட்டையோடு ஒரு சீட்டு அனுப்பியிருந்தார். இனி எங்கள் ஹோட்டலில் கிரேயான் வட்டத்துக்குப் பக்கத்தில் பெயரோடு 'மன்னிக்கவும், அத்தை' என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன் என்று. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, பொறுப்பானவன்னு!" என்றார்.

இஸ்திரி மேசைக்கு யார் வருவது என்று முதலாளியம்மா

அக்கா, ஃபோன் அடிக்கிறது.

அம்மா உள்ளேயிருந்து, "நீதான் எடுக்கணும், என் கையெல்லாம் மாவு" என்கிறார். எட்டிப் பார்த்தேன், கையில் மாவே இல்லை. மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். மீதியை உன்னிடமே சொல்கிறேன்.